எனக்காக நடந்த மாமி

எங்கள் கரையில் மாமியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கும்பிடாத குறையாகத்தான் சொல்வார்கள். "அப்பிடி ஒரு மனுசி கிடைக்க அந்தப் பிள்ளை குடுத்து வைச்சிருக்க வேணும்" என்பார்கள். அந்தப் பிள்ளை நான். மாமி மோட்சம் போய் இரண்டு வருடமாகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் முறை. அந்த நாலு வார்த்தையையும் அடக்கப் பூசையிலேயே சுவாமி நாற்பதாக நீட்டிச் சொல்லிவிட்டார். மிச்சம் கிடப்பதை நான் சொல்கிறேன்.

மாமி அப்பாவின் அக்கா. கலியாணம் கட்டாதவர். ஒல்லியான ஆள், ஆனால் ஒரு நாளும் காய்ச்சல் என்று படுத்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம். அதைக் கழித்துவிட்டால் மாமியில் சட்டையும் செபமாலையும்தான் மிஞ்சும். மற்றவர்கள் செய்ய வேண்டியதை அவர்களுக்குப் பதிலாகத் தானே செய்துவிடுவார். இதை உதவி என்று நினைத்துவிடாதீர்கள். உதவி என்றால் கை கொடுப்பது. மாமி உங்கள் கையையே வாங்கி வைத்துக்கொள்வார்.

தபசு காலத்திலும் அப்பா குடியை நிறுத்தமாட்டார். அதற்கு மாமி ஒருசந்தி நோன்பு இருப்பார். அப்பா குடிக்கக் குடிக்க மாமிக்குப் பட்டினி. "அவன்ர பாவத்துக்கு நான் ஒப்புக்கொடுத்திட்டன்" என்பார். ஒப்புக்கொடுப்பது எங்கள் வேதக்காரரிடம் சாதாரணமான சங்கதி: தான் பட்ட கஷ்டத்தை இன்னொருவரின் பேரில் ஆண்டவரிடம் வைத்துவிடுவது. எல்லோரும் எப்போதாவது செய்வார்கள். மாமி அதை முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு நல்ல வசதியாக இருந்தது.

அம்மா முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார். முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்த புதிதில் எனக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு எட்டு வயது. அப்பா கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே கொழும்புக்கு என்னைக் கொண்டுபோனது மாமி. அங்கே அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிங்களத்தில் ஒரு சொல் தெரியாமல் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தார். என் வாந்தியைக் கையில் ஏந்தினார். எனக்கு முதுகுத்தண்டில் ஊசி போடும்போதெல்லாம் வெளியே சீமெந்து நிலத்தில் முழங்காலில் நிற்பார். முடிந்து வந்ததும், "உனக்குப் பெரிசா நொந்திருக்காது, என்ன? பாதி நோவை நான் வாங்கிட்டன்" என்பார். முழு நோவும் எனக்குத்தான் நொந்தது. ஆனாலும் அவருடைய முழங்கால் தோல் உரிந்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

வருத்தம் சுகமானது. கூட இருந்த சில பிள்ளைகளுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர், "மருந்தால எலும்பு கொஞ்சம் மெலிஞ்சிருக்கும். நல்லாச் சாப்பாடு குடுத்து, ஓடி விளையாட விடுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினார். மாமியின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

"நீ இரு பிள்ளை, நான் செய்யிறன்." கண் விழித்தால் முதலில் கேட்பது அதுதான். பல்லுத் தீட்டத் தண்ணீர் என்னிடம் வரும். தலை வாரி இழுக்க மாமியின் கை வரும். கடைக்கு மாமியின் கால் போகும். நீலப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று, நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரும். கோயிலில் சனம் முழங்காலில் நிற்க, நான் மட்டும் ஊர் விதானையார் மாதிரிக் கதிரையில் இருப்பேன். மாமி என் பங்குக்கும் சேர்த்து, மற்றவர்கள் எழும்பிய பிறகும் முழங்காலிலேயே நிற்பார். வெயில் பட்டால் கூடாது, காற்றுப் பட்டால் தடிமன் காய்ச்சல் வரும், கடலுக்குக் கிட்டப் போனால் ஈரம் ஏறும். கடற்கரையில் பிறந்த நான் கடலை யன்னலால் பார்த்து வளர்ந்தேன்.

சனத்துக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. புதிதாக வந்த இளம் சுவாமி ஒருநாள் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் மாமியையே சொன்னார். தன்னை ஒறுத்துப் பிறரைச் சுமக்கும் ஆத்துமா என்றார். எல்லோரும் திரும்பி மாமியைப் பார்த்தார்கள். சுமக்கப்பட்ட ஆத்துமா முன்வரிசையில், இருந்து இருந்து ஊதிப்போன உடம்போடு கதிரையில் இருந்தது. சுமக்கப்படுவது எப்படி இருக்கிறது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். நான் எந்த இல்லம் என்பது எனக்கே தெரியாது. மாமி அதிபரிடம் போய், காலைக் கூட்டத்தில் எழும்பி நிற்பது உட்பட எல்லாவற்றிலிருந்தும் என்னை விலக்கி வைத்திருந்தார். ஒரு வருடம் பெற்றோருக்கு ஓட்டம் என்று அறிவித்தார்கள். இளம் தாய்மார் நாலைந்து பேர் வெட்கத்தில் சிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். மாமியும் போய் நின்றார். அவர் சிரிக்கவில்லை. விசில் ஊதியதும் பறந்தாரே ஒரு பறப்பு! மற்றவர்கள் பாதி வழியில் சிரித்துக் களைத்து நிற்க, மாமி முடிவுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அங்கால் வேலியடியில்தான் நின்றார். பரிசு ஒரு பிளாஸ்ரிக் பேசின். அதைக் கொண்டுவந்து, முழுப் பள்ளிக்கூடமும் பார்த்திருக்க, என் மடியில் வைத்தார்.

"இந்தா பிள்ளை. இது நீ வெண்டது."

என் வகுப்புப் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பேசினாலேயே மாமியின் தலையில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு விலகும்வரை என் பட்டப்பெயர் பேசின்.

இதெல்லாம் சின்னன். பெரியது மடு மாதா கோயில் நேர்த்தி. நான் பிழைத்தால் என்னை மடுவுக்கு நடத்திக் கூட்டிவருவதாக மாமி ஆஸ்பத்திரியில் வைத்தே மாதாவுக்கு நேர்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. திருநாளுக்குக் கூட்டம் கூட்டமாகக் காட்டு வழியால் நடந்து போவார்கள். வருத்தத்தில் கிடந்து எழும்பியவர்கள் தங்கள் சொந்தக் காலால் போய் மாதாவின் முன்னால் நிற்பதுதான் அந்த நேர்த்தியின் அர்த்தமே. மாமியோ, பிள்ளைக்கு ஏலாது என்று சொல்லி, என் பேரில் தானே நடந்தார். ஒரு வருடத்தோடு நிற்கவில்லை, வருடாவருடம் நடந்தார். ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று வெயிலில் கறுத்து, காலில் கொப்புளத்தோடு வந்து சேருவார். "பிள்ளையின்ர எலும்புக்குப் பலத்தைக் குடு தாயே எண்டுதான் ஒவ்வொரு அடியும் வைச்சனான்" என்பார். பலம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தது. மாமியின் கெண்டைக்கால் கருங்கல்லு மாதிரி. என்னுடையது வாழைத்தண்டு.

எனக்குப் பதினைந்து வயதில், மாமி அப்படி எனக்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் என் கை முறிந்தது. பெரிய விழுகை ஒன்றுமில்லை. வீட்டில் யாரும் இல்லை, இன்றைக்காவது நானே அள்ளிக் குளிப்போம் என்று கிணற்றடிக்குப் போனேன். ஈரச் சீமெந்தில் கால் வழுக்கியது, கையை ஊன்றினேன். சின்னப் பிள்ளைகள் விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்ப ஓடுகிற விழுகை அது. எனக்கு முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டது.

மாமி மடுவால் வந்து என் கைக்கட்டைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, குற்றவாளியைக் கண்டுபிடித்தார்.

"மாங்குளம் தாண்டேக்க கொஞ்சத் தூரம் உழவு மெசினில ஏறினனான் பிள்ளை. கால் ஏலாமப் போச்சு. அந்த இடத்திலதான் மாதா உன்ர கையை விட்டிட்டா."

"மாமி, நான் வழுக்கி விழுந்தனான்."

"இல்லை. நான் ஏறியிருக்கக் கூடாது. வாற வருசம் செருப்பில்லாமல் நடக்கிறன்."

இப்படி ஒரு மனுசியோடு என்ன கதைப்பது? நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கொழும்புக்கு வரச்சொல்லி எலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் தமிழர்தான். "மூட்டுகள் பழுதில்லை, அந்தளவில தப்பினது" என்றார். "ஆனா எலும்பு வயசு போன ஆக்களின்ர மாதிரிக் கிடக்கு. பிள்ளை ஓடியாடித் திரியிறேல்லையோ?"

"ஐயோ, ஒரு துரும்பு தூக்க விடுறேல்ல டொக்டர்" என்றார் மாமி, பெருமையாக. "கண்ணுக்குள்ள வைச்செல்லோ பாக்கிறம்."

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "அம்மா, வடிவாக் கேளுங்கோ. இந்த வருத்தத்துக்குக் குடுத்த மருந்து எலும்பைத் தின்னும். இந்த வயசிலதான் அது திரும்பக் கட்டும். பாரம் பட்டாத்தான் கட்டும். பிள்ளை நடக்க வேணும், படி ஏற வேணும், துள்ள வேணும், வெயில் பட வேணும். இப்பிடியே இருத்தி வைச்சீங்களெண்டா, ஒரு நாளைக்கு இடுப்பு முறிஞ்சு உண்மையாவே கதிரையோட கிடப்பா."

மாமி "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். புற்றுநோயிடமிருந்து தப்பி மாமியிடம் மாட்டுப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

கை பொருந்திய பிறகு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு விட்டார்கள். அங்கே இருந்த பிசியோ மிஸ், கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகத் தோட்டக் குடும்பத்துப் பெண். வயது குறைவு, குரல் பெரிசு. கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பித் திரும்ப இருப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது, ஒரு படியில் ஏறி இறங்குவது என்று காட்டித்தந்து, வீட்டில் தினமும் செய்யச் சொன்னார். அடுத்த முறை போனபோது கேட்டார்.

"வீட்ல ஒழுங்கா செஞ்சீங்களா?"

"ஒரு நாளும் விடேல்ல மிஸ்" என்றார் மாமி.

பொய் இல்லை. ஒரு நாளும் விடவில்லைதான். விடிய எழும்பி மாதா படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு, ஒரு 'அருள் நிறைந்த மரியே'க்கு ஒருதரம் என்று, ஒரு செபமாலை முழுக்க எழும்பி எழும்பி இருந்தவர் மாமி. குதிக்காலும் அவரே உயர்த்தினார். படியும் அவரே ஏறினார். நான் பாயில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்சியம் குளிசையை மட்டும் எனக்கே தந்தார். அதை எனக்காக எப்படி விழுங்குவது என்று மாதா அவருக்கு இன்னும் காட்டிக்கொடுக்கவில்லைப் போலும்.

மிஸ் என்னை எழும்பச் சொன்னார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு முக்கிப் பார்த்தேன். கதிரையை விட்டுக் கிளம்பவே முடியவில்லை.

"என்னாங்க, செஞ்சதா சொன்னீங்க?"

மாமி என்னை ஒதுக்கிவிட்டுக் கதிரையில் தானே இருந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஒரே எழும்பலாக எழும்பிக் காட்டினார். "பாத்தீங்களே? பிள்ளைக்கு நோகுமெண்டு நான் செய்து ஒப்புக்கொடுக்கிறன்."

மிஸ் முதலில் சிரித்தார். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க சாப்பிட்டா இந்தப் புள்ளைக்கு வயிறு நெறைஞ்சிருமாம்மா?"

"அது வேற, இது வேற."

"ஒரு வேறயும் இல்ல. யாரு நடக்கிறாங்களோ அவங்க எலும்புதான் கட்டும். இனிமே நீங்க வெளிய இருங்க. புள்ள மட்டும் உள்ள வரட்டும்."

பஸ் தரிப்பிடம்வரை மாமி எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். வந்ததும் வெடித்தார். "தோட்டத்தில இருந்து வந்ததுகள் எங்களுக்குப் பிள்ளை வளக்கக் காட்டித் தருகுதுகள்." எல்லோருடைய பாவத்தையும் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற ஆத்துமாவுக்கு, ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்ற வந்தார். உதறினேன். உள்ளே இருக்க இடம் இருந்தது. நான் இருக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்திவரை நின்றேன். கால் கிடந்து நடுங்கியது. மாமி எனக்காகப் பிடித்த இடத்தில் தன் பையை வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு வீட்டில் யுத்தம்தான். நான் கதிரையிலிருந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் மாமி தன் நெஞ்சைப் பிடிப்பார். முதலில் முற்றம், பிறகு ஒழுங்கை, பிறகு கடற்கரை மணல் என்று நடந்தேன். இனித் துள்ளலாம் என்று மிஸ் சொன்னதும் அப்பாவின் பழைய வலைக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டித் துள்ளத் தொடங்கினேன். மாமி அதை அடுப்புக்குள் வைத்தார். நைலோன் கயிறு, குசினி முழுக்க நாறியது. இன்னொரு துண்டு வெட்டினேன். கரை முழுக்கக் கயிறு கிடக்கிறது, எத்தனையைத்தான் எரிப்பார்? "பெட்டை மாமியை மதிக்கிறேல்ல" என்று ஊர் கதைத்தது. ஊருக்கு எலும்பு முறியவில்லை, ஊர் கதைக்கும்.

மாமிக்குப் பயம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அம்மாவுக்கு செல் குண்டு பட்டபோது பக்கத்தில் நின்றவர் அவர்தான். "நான் அந்தப் பக்கம் நிண்டிருந்தா அவள் இருந்திருப்பாள்" என்று அடிக்கடி சொல்வார். அன்றைக்கு மாறி நிற்கக் கிடைக்காததை வாழ்நாள் முழுக்க மாறி மாறி நின்று தீர்த்தார். சரி. எங்கள் கரையில் பயத்துக்குக் காரணம் இல்லாத ஆள் யார்? அவருக்குக் காரணம் இருந்தது என்பதற்காக என் எலும்பு கட்டிவிடப் போவதில்லை.

ஒருநாள் பின்னேரம் நான் துள்ளிக்கொண்டிருக்கும்போது வந்து கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் நடந்தது, நிண்டது, எல்லாம் வீணோ?"

"ஓம் மாமி. எனக்கு வீண். எலும்பு உங்களுக்குத்தான் கட்டினது."

சொன்னேன். இன்றைக்கும் அதைத் திருப்பி வாங்குகிற யோசனை எனக்கு இல்லை. மாமி நுனியை விட்டுவிட்டுக் குசினிக்குள் போய் மீன் வெட்டத் தொடங்கினார்.

பதினேழு வயதில் ஒருநாள், கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போனேன். ஆள் குறைவாக இருந்தது. அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கயிற்றின் வாலடியைக் காட்டி "வந்து பிடி" என்றார். மாமி மணலில் ஓடிவந்து, "விடு, விடு, நான் பிடிக்கிறன்" என்று என் கைக்குள் கையைப் போட்டார். "அவளைப் பிடிக்க விடு அக்கா" என்றார் அப்பா. தன் அக்காவை எதிர்த்து அப்பா சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். நான் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தேன். வலை கரைக்கு வந்தபோது உள்ளங்கை எரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்த வருடம் திரும்பவும் எலும்பைப் படம் எடுத்தார்கள். எலும்பின் பலம் நல்லாய்க் கூடியிருக்கிறது, வயதுக்குக் கிட்ட வந்துவிட்டது என்றார் டொக்டர். மாமி சிலுவை போட்டுக்கொண்டார். "செருப்பில்லாமல் நடந்தது மாதாவுக்குப் பிடிச்சிட்டுது டொக்டர்." டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

நான் முன்பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கிய வருடம் மாமிக்குப் பாரிசவாதம் அடித்தது. குசினிக்குள் தடாரென்று விழுந்தார். விழுந்தும் ஒரு எலும்பு முறியவில்லை, அத்தனை வருட மடுவும் அவருடைய எலும்பில் இருந்தது. ஆனால் இடப்பக்கம் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விட்டபோது, தினமும் பிடித்து எழுப்பி நிறுத்த வேண்டும், ஏலாத காலில் பாரம் பட வேண்டும், படுக்கவிட்டால் படுத்த படுக்கைதான் என்று சொல்லி விட்டார்கள். அதே பிசியோ மிஸ்தான் வீட்டுக்கு வந்து எப்படி என்று காட்டினார். மாமி அவர் போகும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் கட்டிலடிக்குப் போனேன். மாமி நல்ல கையால் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். வாய் கோணியிருந்ததால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"எனக்கு நோகுது பிள்ளை. எனக்காக நீ செய்."

பகிடியோ என்று பார்த்தேன். இல்லை. கண் நிறைய நம்பிக்கை. இத்தனை வருடம் எனக்குச் செய்ததை ஒரு தடவை நான் திருப்பிச் செய்வேன் என்ற நம்பிக்கை. செய்திருக்கலாம். அவருக்கு முன்னால் எழும்பி எழும்பி இருந்து காட்ட எனக்கு இப்போது ஒரு பாடுமில்லை. பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பார். நிம்மதியாகப் படுத்திருப்பார். கொஞ்ச நாளில் முதுகு புண்ணாகி, சளி கட்டி, அதையும் எனக்காக ஒப்புக்கொடுத்திருப்பார்.

இரண்டு கையையும் அவருடைய கமக்கட்டுக்குள் கொடுத்துத் தூக்கினேன். கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஏன் பிள்ளை அந்த மனுசியை வதைக்கிறாய்? கிடக்கட்டும் விடு" என்றாள். நான் விடவில்லை. மாமியின் கால் இரண்டும் நிலத்தில் பட்டன. முழுப் பாரமும் என் மேல் வந்தது. என் முதுகும் இடுப்பும் தாங்கின.

"நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?" என்று என் தோளில் எச்சில் வடிய அழுதார். "உனக்கு என்னில ஒரு இரக்கமும் இல்லையோ?"

"இல்லை மாமி" என்றேன். "காலை ஊண்டுங்கோ."